தங்கச்சிமடம் நாட்குறிப்பு: பாப்பாவும் பால்வலியும்

ஏப்ரல் 21, 2025

பாப்பா பெரிய வியாழன் அன்று பிறந்தாள். உயிர்ப்பு ஞாயிறு அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று மத்தியானம் போப் பிரான்சிஸ் இறந்த செய்தி டிவியில் வந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் அழுத கண்ணோடு இருக்கிறார்கள். உள்ளறையில் நானும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன். எனக்குக் காரணம் வேறு. இவள் வாய் வைத்து இழுத்ததும் காம்பில் தொடங்கும் வலி முதுகு வரை போகிறது. கால் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்கள். "தலப்புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்க." அப்பத்தா இன்னொரு படி மேலே போனாள். "வலை இழுக்குற கை காய்ச்சுப்போற மாதிரி காம்பும் காய்ச்சுப்போயிரும் தாயி, அப்புறம் வலிக்காது." எப்போது வலிக்கிறது, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கவைத்தார்கள். அது நல்லது. ஆனால் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று காட்ட யாருக்கும் நேரமில்லை. தலையைப் பிடித்து மார்பில் அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 23

பால் இறங்கிவிட்டது. இரண்டு மார்பும் இறுகி, தோல் பளபளக்கிறது. காம்பு தட்டையாகிவிட்டதால் பாப்பா வழுக்கி வழுக்கி நுனியை மட்டும் கவ்வுகிறாள். வலது காம்பில் வெடிப்பு. காலையில் அவள் கக்கியதில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. அம்மா கையில் இருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். போனில் விசாரித்ததில், வெடிப்பில் கசிந்த ரத்தம் பாலோடு உள்ளே போவதால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்றார்கள்.

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் ஊரில் எந்தப் பேச்சிலும் மல்லிகை வந்துவிடும். இங்கிருந்துதான் மல்லிகை நாற்று ஊர் ஊராகப் போகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை மொட்டோடு வந்து, "மாருல வச்சுக் கட்டு, பால்கட்டு இளகிரும்" என்றார். அப்பத்தா எழுந்து வந்துவிட்டாள். "பால் வத்திரும்டி! புள்ளைய பறிகொடுத்தவளுக்குக் கட்டுறத இவளுக்குக் கட்டச் சொல்றியா?" இந்த விஷயத்தில் நான் அப்பத்தா கட்சி. 1988-ல் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், பால் நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையோடு மல்லிகைப்பூவை ஒப்பிட்டு ஆய்வே செய்திருக்கிறார்கள். பூவும் சுரப்பைக் குறைத்தது. பால் கொடுக்க நினைப்பவள் மார்பில் கட்டக்கூடாத பூ. மொட்டெல்லாம் மாதா படத்துக்குப் போனது.

இப்போது செய்வது இதுதான். கொடுப்பதற்குச் சற்று முன் வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றுகிறேன். அப்புறம் காம்பைச் சுற்றி விரல் நுனிகளால் உள்நோக்கி அழுத்தி, கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சி விடுகிறேன். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் இளகினால்தான் அவளால் கவ்வ முடிகிறது. கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி.

ஏப்ரல் 24

கிராம சுகாதார செவிலியர் வந்தார். எங்கள் தெருவுக்கே அவர் சிஸ்டர். பையைக் கீழே வைத்ததும், "வலிக்குதா? சரி, இப்ப குடு, நான் பாக்குறேன்" என்றார். பேசாமல் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். பாப்பா வாயை எடுத்ததும் அவர் பார்த்தது பிள்ளையை அல்ல, என் காம்பை. நுனி ஒரு பக்கமாகச் சரிந்து நசுங்கி, வெளுத்திருந்தது. அதைக் காட்டி, "நல்லாக் கவ்வியிருந்தா உருண்டையா வெளிய வரும்" என்றார்.

பிள்ளையின் மேலண்ணம் முன்னால் கெட்டியாகவும் பின்னால் மெத்தென்றும் இருக்குமாம். காம்பு மட்டும் வாய்க்குள் போனால் நாக்குக்கும் அந்தக் கெட்டியான இடத்துக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் தேயும். கருவட்டமும் சேர்ந்து வாய் நிறையப் போனால் காம்பு பின்னால் மெத்தென்ற இடத்துக்குப் போய்விடும். அங்கே நசுங்க வழியில்லை. காய்ச்சுப்போகிற கதையெல்லாம் இல்லை, சரியாகக் கவ்வினால் தேய்மானமே இல்லை என்றார்.

பிறகு என்னை உட்காரவைத்தார். முதுகுக்கு ஒரு தலையணை, மடிக்குப் பக்கத்தில் ஒன்று. பாப்பாவை மடியில் கிடத்தாமல் என் கக்கத்தில் இடுக்கி, கால்கள் என் முதுகுப் பக்கம் போகிற மாதிரி வைத்தார். கை தலையை அழுத்தக்கூடாது. கழுத்தையும் தோளையும் தாங்கினால் போதும், தலை தானாகப் பின்னால் சாயும். அவள் மூக்கு என் காம்புக்கு நேராக. காம்பால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். அந்தக் காத்திருப்பில்தான் எனக்குப் பொறுமை போனது. அவள் அழுகிறாள், அம்மா "குடுடி" என்கிறாள், சிஸ்டர் "இரு, இரு" என்கிறார். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயை ஆவெனத் திறந்த நொடியில், "இப்ப!" என்று பிள்ளையை என் பக்கம் கொண்டுவந்தார். தாடை முதலில் மார்பில் பதிந்தது. நான் குனியவே இல்லை.

முதல் சில இழுப்புக்குச் சுரீரென்றது. அப்புறம் வலி நின்றுவிட்டது. விழுங்குகிற சத்தம் கேட்டது. கீழுதடு வெளியே மடிந்திருந்தது, கன்னத்தில் குழி விழவில்லை. கருவட்டம் மேலுதட்டுக்கு மேல் கொஞ்சம் தெரிந்தது, கீழே தெரியவே இல்லை. இதெல்லாம் சிஸ்டர் காட்டிக் காட்டிச் சொன்ன அடையாளங்கள்.

தொடக்கச் சுரீருக்குப் பிறகும் வலி தொடர்ந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. சுண்டுவிரலைக் கழுவி வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்த பிறகே எடுக்க வேண்டும், அப்படியே இழுக்கக் கூடாது. நாக்கையும் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒட்டிக்கொண்டு நீள முடியாத நாக்கு என்றால் எப்படி வைத்தாலும் வலிக்கக்கூடுமாம். இவளுக்கு ஈறைத் தாண்டி நன்றாக நீள்கிறது.

சிஸ்டர் போனதும் அப்பத்தா, "நாங்க எல்லாம் இத பாத்தா பெத்தோம்" என்று முணுமுணுத்தாள். ராத்திரி எனக்குத் தூக்கத்தில் கை தளர்ந்தபோது பாப்பாவின் தோளைத் தாங்கிப் பிடித்து, "வாயத் தொறக்கட்டும், இரு இரு" என்றதும் அதே அப்பத்தாதான்.

ஏப்ரல் 26

இடது பக்கம் தேறிவிட்டது. வலதில் வெடிப்பு ஆழம். அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம், ஆனால் பாலைத் தேங்கவிடக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். கையால் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்து, பாலாடை என்கிற மூக்கு வைத்த சின்னக் கரண்டியில் புகட்டுகிறோம்.

பாலாடைக்கு முன்னால் ஒரு சங்குப் பஞ்சாயத்து நடந்தது. அப்பத்தாவின் அப்பா மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர். அவர் எடுத்த ஒரு சின்ன வெண்சங்கில்தான் என் அப்பா உட்பட எல்லோரும் பால் குடித்தார்களாம். அழகான சங்கு. ஆனால் உள்சுருளுக்குள் எந்த பிரஷ்ஷும் போகாது. நான் ஸ்டீல் பாலாடையைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துகிறேன், சங்கு பெயர் வைக்கும் நாளைக்கு வரட்டும் என்று சமாதானம் ஆனது. இந்த வெயிலில் எடுத்த பாலை வெளியே வைக்க எனக்குத் துணிவில்லை. எடுத்ததும் கொடுத்துவிடுகிறேன்.

காம்புக்கு என்ன தடவுவது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. வெண்ணெய், விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய். நான் கடைசிச் சொட்டுப் பாலையே தடவிக் காயவிடுகிறேன். அதற்கு மேல் மெலிதாக லானோலின் களிம்பு. சோப்பு கிடையாது, அது இருக்கிற பசையையும் எடுத்துவிடும்.

ஏப்ரல் 29

தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்பா வீட்டில் இருக்கிறார். விடிவதற்கு முன் எழுந்து நாட்டுப்படகு வருகிற கரைக்குப் போய், எங்கேயாவது பால்சுறா கிடைக்குமா என்று பார்க்கிறார். இன்று கிடைத்தது. அம்மா வேகவைத்து, தோலைச் சுரண்டி, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டுப் புட்டு செய்தாள். அப்பா வாசலில் நின்று, "சாப்பிட்டாளா?" என்று அம்மாவிடம் கேட்கிறார். என்னிடம் நேராகக் கேட்க மாட்டார்.

புட்டு பிரமாதம். பால் ஊறுவது என்னவோ பிள்ளை எவ்வளவு இழுத்துக் காலி செய்கிறாள் என்பதைப் பொறுத்தது. அதை அப்பாவிடம் சொல்லப்போவதில்லை.

சாயங்காலம் சித்தி ஒரு பால்பவுடர் டின்னோடு வந்தாள். "வலியோட எதுக்குடி கஷ்டப்படுறே?" அன்பாகத்தான் கேட்டாள். 1992-ல் வந்த சட்டப்படி, தாய்ப்பால்தான் சிறந்தது என்று அந்த டின்னிலேயே அச்சடித்திருக்க வேண்டும், விளம்பரமும் செய்யக் கூடாது. தேவைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், மருத்துவர் சொன்னால் நானும் கொடுப்பேன். ஆனால் என் வலிக்கு அது மருந்தில்லை. கொடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொண்டு இன்னும் வலிக்கும், அது காய்ச்சலில் போய் நின்றாலும் நிற்கும். டின் அலமாரி மேல் இருக்கிறது.

மே 3

அவர் மதுரையிலிருந்து ரயிலில் வந்தார். புதுப் பாம்பன் பாலத்தில் முதல் பயணம், அரை மணி நேரம் அதைப் பற்றியே பேச்சு. பிறகு நான் பால் கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்குதா?" என்றார். இப்போது அவ்வளவு இல்லை என்றேன். ராத்திரி எழுந்து தலையணை எடுத்துக் கொடுக்கிறார், ஏப்பம் விடவைக்கிறார்.

எடை போட்டோம். பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். ஒன்றுக்குப் போன துணி கொடி நிறையத் தொங்குகிறது. இந்தத் தண்ணீர்க் கஷ்டத்தில் மதினிதான் பாவம்.

மே 9

நேற்று ராத்திரி வீடே வத்திக்கான் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் புகை வந்ததும் போட்ட கூச்சலில் பாப்பா விழித்துக்கொண்டாள். புதுப் போப்பின் பெயர் லியோ என்று அறிவித்தபோது நான் மறுபடி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

வலி திரும்பிவிட்டது. ஆனால் இது வேறு வலி. கவ்வல் சரியாக இருக்கிறது, காம்பு உருண்டையாகத்தான் வெளியே வருகிறது. வெடிப்பும் ஆறிவிட்டது. குடிக்கும்போதும் எரிகிறது, குடித்து முடித்த பிறகு இன்னும் மோசமாக எரிகிறது. இரண்டு பக்கமும். சேலை பட்டாலே தாங்கவில்லை. காம்பு இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது.

பாப்பாவின் நாக்கில் வெள்ளை. பால் படிந்தது என்றாள் அம்மா. பால் என்றால் துடைத்தால் போய்விடும். இது போகவில்லை, கன்னத்தின் உள்பக்கமும் இருக்கிறது. நாக்கு வழிக்கிறேன் என்று விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அப்பத்தா வந்தாள். விடவில்லை. தேய்த்து எடுத்தால் புண்ணாகும்.

மே 10

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார், பூஞ்சைத் தொற்று. பாப்பா வாய்க்குத் தடவ மருந்து, எனக்குக் களிம்பு. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும். வெள்ளை மறைந்ததும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை போட வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், பாலுக்குக் கெடுதல் இல்லை.

காற்றே இல்லாத புழுக்கம். பால் கசிந்து நனைந்த துணியோடு மணிக்கணக்கில் இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். உள்துணிகளை வெந்நீரில் அலசி மொட்டைமாடி வெயிலில் போடச் சொன்னார். வெயிலுக்கு எங்கள் தீவில் பஞ்சமில்லை.

மார்பில் ஓரிடம் சிவந்து சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மே 17

எரிச்சல் போய்விட்டது. நாக்கு சுத்தம். இன்று ஒரு முறை பால் கொடுத்துக்கொண்டே தூங்கிப்போனேன், அம்மா வந்து பிள்ளையை எடுத்தாள்.

மே 29

ஆறாவது வாரத் தடுப்பூசி. ஊசி போடும்போது மார்பில் வைத்துக்கொள்ள விட்டார்கள். வீலென்று ஒரு சத்தம், அப்புறம் குடிக்கத் தொடங்கிவிட்டாள்.

வரிசையில் எனக்குப் பக்கத்தில் பாம்பனிலிருந்து வந்த ஒரு பெண், பிள்ளை வாய் வைத்ததும் கால் கட்டைவிரலை மடக்கினாள். அவளுடைய மாமியார், "மொதப்புள்ளைக்கு அப்படித்தான்" என்றார். விட்டதும் காம்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவள் முந்தானையை விலக்கிப் பார்த்துவிட்டு, "சப்பையா இருக்குக்கா" என்றாள். சிஸ்டரைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

மதுரைக்குப் போகும் நாள் பார்த்தாகிவிட்டது. பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறை 2015-லிருந்தே இருக்கிறது, ஆனால் நினைத்த நேரத்தில் பஸ் நிற்காது. ரயிலில் ஜன்னலோரம் ஒரு துணியைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது என்கிறார் அவர். எனக்கென்னவோ அவருக்குப் பாலத்தை மறுபடி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தலையணை இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.