பெயர் விழாதவர்களிடமும் கேட்கவேண்டும்

கொழும்பில் ஒரு அரச வைத்தியசாலையின் நீரிழிவு கிளினிக்கில் ஆய்வு உதவியாளராக வேலை செய்கிறேன். சம்மதம் தந்தவர்களின் சீனி அளவு, பிரஷர், கால் புண் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்காகப் பதிந்து வருகிறோம். இப்படித் தொடர்ந்து பதியப்படும் குழுவைக் கோஹோர்ட் என்போம். இப்போது அந்தக் கோஹோர்ட்டுக்குள்ளேயே ஒரு பரிசோதனை செய்யப்போகிறோம்: பாதப் பராமரிப்பு வகுப்பு நடத்தினால் கால் புண் குறையுமா?

வழமையாக எல்லோருக்கும் விளக்கி, கையெழுத்து வாங்கி, பிறகுதான் எழுமாறாகப் பிரிப்பார்கள். வகுப்புக் கிடைக்காதவர்கள் மனம் வாடி, சிலர் அடுத்த முறை வரவேமாட்டார்கள். ஒப்பீடு அங்கேயே குலைந்துவிடும். 2010இல் ஆய்வாளர் கிளேர் ரெல்டனும் சகாக்களும் பிஎம்ஜே மருத்துவ இதழில் வேறு வழி சொன்னார்கள். கோஹோர்ட்டில் தகுதியுள்ளவர்களிலிருந்து எழுமாறாகச் சிலரைத் தெரிந்து, அவர்களிடம் மட்டும் புதிய சிகிச்சை வேண்டுமா என்று கேட்பது. மற்றவர்களின் வழமையான பதிவுகளே ஒப்பீட்டுக்குப் போதும்.

இதை விளக்கியபோது வெள்ளவத்தையிலிருந்து வரும் அன்ரி ஒருவர் கேட்டார்: "அப்ப என்ர பேர் விழாட்டி எனக்குச் சொல்லவே மாட்டியளோ, பிள்ளை?"

ஓம், சொல்லமாட்டோம். அதனால்தான் இதைக் கோஹோர்ட்டில் சேரும் நாளிலேயே சொல்லிக் கேட்டிருக்கவேண்டும். நெதர்லாந்தில் வகுத்த படிமுறைச் சம்மதம் அப்படித்தான்: சேரும்போது, எழுமாறான தெரிவுக்கும் ஒப்பீட்டுக்கும் சேர்த்தே அனுமதி, பெயர் விழுந்தால் சிகிச்சைக்கு மட்டும் தனிச் சம்மதம், முடிவில் பெறுபேறு எல்லோருக்கும். எங்கள் பழைய படிவத்தில் 'தகவல்கள் ஆய்வுக்குப் பயன்படும்' என்று மட்டுமே இருக்கிறது. அந்த ஒரு வரியை வைத்து ஒருவரை ஒப்பீட்டுக் குழுவில் சேர்ப்பது நியாயமில்லை.

இன்னொரு கவலை, அழைத்தும் வராதவர்கள். அழைத்தவர்களில் பாதிப்பேர் மறுத்தால், அவர்களையும் சேர்த்தே கணக்கிடுவதால், இரு குழுக்களுக்கிடையே தெரியவேண்டிய வித்தியாசமும் ஏறக்குறைய பாதியாகும். அதைக் கண்டுபிடிக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். அதற்காக மறுத்தவர்களைக் கணக்கிலிருந்து கழற்றவும் கூடாது. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமி வேலை செய்பவருக்கு வகுப்புக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அவரை விட்டுவிட்டு, ஓய்வூதியத்தில் வசதியாக இருப்பவர்களின் கால்களை மட்டும் பார்த்து வகுப்பு நல்லதென்று எழுதினால் அது உண்மையாகாது. அதனால் வகுப்பைச் சனிக்கிழமை தவிர்த்து, கிளினிக் நாளிலேயே, மருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒழுக்கநெறிக் குழுவுக்குப் போகும் கோவையில், பழைய அங்கத்தவர் ஒவ்வொருவரிடமும் தமிழிலும் சிங்களத்திலும் நேரில் மறுபடி சம்மதம் கேட்பதாக எழுதியிருக்கிறோம். தொடங்க மாதக்கணக்கில் பிந்தும். பிந்தட்டும்.