நான்காம் சுற்றில் நொறுங்கிய தாள்

3 வாரமாக ஒரே கூழோடு மல்லுக்கட்டு. பழைய நோட்டுத் தாளை மிக்ஸியில் அடித்துக் கூழாக்கி, சல்லடையில் தாளாக வார்த்து, காயவைத்து, அதையே கிழித்து மறுபடி ஊறப்போட்டு வார்ப்பது. எத்தனை சுற்று தாங்கும் என்று பார்க்கும் ஆசைதான். காகித நார் 5 முதல் 7 முறை தாங்கும் என்பார்கள். என்னுடையது நான்காவதிலேயே சருகாக நொறுங்கியது.

மூன்றாம் சுற்றிலேயே, ஈரத் தாளைச் சல்லடையிலிருந்து துணிக்கு மாற்றும்போது ஓரம் பிய்ந்தது. வழக்கம்போலப் பழியைத் துணிமேல் போட்டேன். ஈரம் கூட்டு, ஈரம் குறை, ஸ்பாஞ்சால் ஒற்று, ஒற்றாதே என்று ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. நான்காம் சுற்றில் கூழில் பாதி ஓட்டை வழியாகவே வடிந்துவிட்டது. தொட்டித் தண்ணீர் பால்போல வெளுத்திருந்ததைப் பார்த்த பிறகுதான் உறைத்தது: திருடன் மிக்ஸி!

பிளேடு நாரைப் பிரிப்பதில்லை, நறுக்குகிறது. ஊசியிலை மரத்தின் நாரே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான்; அகன்ற இலை மரத்தில் 1 மில்லிமீட்டர். சுற்றுக்கு 2 நிமிடம் நறுக்கினால் தூளைத் தவிர என்ன மிஞ்சும்? ஆலைகளில் பழைய காகிதத்தைப் பெரிய தொட்டித் தண்ணீரில் சுழற்றித்தான் பிரிக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, அவசரத்தில் தாள்களை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்திருந்தேன். ஒருமுறை காய்ந்த நார் அடுத்த முறை அதே அளவு தண்ணீர் குடித்து உப்பாது, விறைத்துவிடும். சூடு பட்டால் விறைப்பு இன்னும் கூடும். விறைத்த நார் பக்கத்து நாரோடு சரியாகப் படியாது, பிணைப்பும் பிடிக்காது. பழைய கூழில் புது நாரையும் கலக்கும் ஆலைகளின் வழக்கத்தை இத்தனை நாள் வீண் செலவு என்று நினைத்திருந்தேன்.

இப்போது மிக்ஸிக்கு ஓய்வு. 2 நாள் ஊறவைத்து, டிரில்லில் பெயிண்ட் கலக்கும் துடுப்பை மாட்டிச் சுழற்றுகிறேன். 40 நிமிடமாகிறது, கை மரத்துப் போகிறது. ஒரு ஸ்பூன் கூழைத் தண்ணீர் பாட்டிலில் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் கட்டி தெரியக்கூடாது. எனக்கு இன்னும் இரண்டு மூன்று தெரிகிறது. பரவாயில்லை, தாளில் அழகாகத்தான் இருக்கும்.

(சல்லடை வலை வாங்குகிறவர்களுக்கு: அங்குலத்துக்கு இத்தனை கண் என்று விற்பவர் சொல்லும் எண்ணிக்கையை நம்பாமல் அளவுகோலை வைத்து எண்ணிப் பாருங்கள். 40 என்று சொல்லி எனக்கு வந்தது 28.)

டிரில் கூழ் இரண்டாம் சுற்றில், செங்கல் பாரத்தின் கீழே இருக்கிறது. இஸ்திரி கிடையாது, நிழலில்தான் காயும். அது முடிவதற்குள் அடுத்த கூழுக்காகப் பழைய பருத்திச் சட்டை ஒன்றின் பொத்தான்களை வெட்டி எடுத்துவிட்டேன். பருத்தி நார் நீளம், டிரில் தாங்குமா தெரியவில்லை.