ஏரிக்கரைப் பாதைக்கு ஊர்ப் பணம்: வேலூர்ப் பக்கம் செய்து பார்த்த வரிசை

வேலூர் சுற்றுவட்டாரத்தில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் புதிதாக நிலம் தேட வேண்டியதில்லை. ஊருக்கு ஓர் ஏரி இருக்கிறது, அதன் கரை மேல் ஆடு மாடு போன தடமும் இருக்கிறது. முள்ளை வெட்டி, கிராவல் கொட்டி இறுக்கினால் அதுவே பாதை. பணமும் ஊரிலேயே கிடைக்கும். இந்த வேலையில் இறங்கும் குழுக்கள் வசூலில் தடுமாறுவதில்லை. வசூலுக்கு முன்னால் முடிக்க வேண்டிய காகித வேலையிலும், திறப்பு விழாவுக்குப் பிறகு வரும் இரண்டாவது வருஷத்திலும்தான் தடுமாறுகின்றன. ஒரு கிலோமீட்டர் கரையை எடுத்துக்கொண்டு நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

முதல் கேள்வி, கரை யாருடையது? ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். மாநகராட்சி எல்லைக்குள் வந்தால் அந்த அலுவலகத்தையும் கேட்க வேண்டும். அரசின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டையும் (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்ப் பதிவு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்து, எந்தப் புல எண் ஏரி புறம்போக்கு, பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கரை அடியில் யாராவது வேலி போட்டிருந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் வந்த சட்டம் இருக்கிறது, அது அதிகாரிகளின் வேலை. சர்வேயர் எல்லைக்கல்லைக் காட்டும்வரை அந்த ஓரத்தில் ஒரு கூடை மண்கூட விழக் கூடாது.

பாலாற்றுப் படுகையில் பாதை கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: 2021 நவம்பரில் ஆறு எப்படிப் போனது என்று நினைத்துப் பாருங்கள். அங்கே கொட்டும் மண் ஆற்றுக்குத்தான் போகும். மலையடிவாரத்துக் காப்புக்காட்டில் ஆசை இருந்தால் வனத்துறை சொன்னால் தவிர மண்வெட்டியை எடுக்கக் கூடாது.

மனு எழுதும் விதமும் முக்கியம். "பாதை அமைக்க அனுமதி" என்று கேட்டால் கோப்பு மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். "கரையின் மேல்மட்டத்தைச் சீர்செய்து பராமரிக்கத் தடையில்லாக் கடிதம்" என்று கேளுங்கள். கரையைத் தோண்ட மாட்டோம், கான்கிரீட் போட மாட்டோம், துறை வண்டி எப்போது வந்தாலும் வழி இருக்கும் என்ற மூன்றையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபைத் தீர்மானம் கட்டாயம் கையில் இருக்கட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள் சபை கூடும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதுதான். தீர்மானத்தின் எண்ணும் தேதியும் போட்ட நகல் வாங்காமல் வராதீர்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன "சரி", அதிகாரி மாறுதலானதும் போய்விடும்.

அடுத்தது அளவு. இரண்டு மீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் நீளம், இறுகிய பிறகு பத்து சென்டிமீட்டர் கனம் என்றால் 200 கன மீட்டர். கொட்டும்போது உதிரியாக இருப்பதால் சுமார் 260 கன மீட்டர் வாங்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் 100 கன அடி. ஆக ஏறக்குறைய 92 யூனிட். "மூணு யூனிட் டிப்பர்" என்று சொல்வதை அப்படியே நம்பாமல் உள்ளே டேப் வைத்து அளக்க வேண்டும். 12 அடி நீளம், 7 அடி அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றரை அடி என்றால் 294 கன அடி, அதாவது மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் முப்பத்திரண்டு லோடு வரும். ஒவ்வொரு வண்டியோடும் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு (மண் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு) வர வேண்டும். சீட்டில்லாத வண்டியை வழியில் பிடித்தால் விலை குறைந்ததென்று வாங்கிய உங்கள் சங்கத்தின் பெயரும் சேர்ந்தே அடிபடும்.

இந்த அளவு கையில் வந்த பிறகுதான் பணம் கேட்கப் போக வேண்டும். மண், வண்டி, ரோலர், தண்ணீர் லாரி எல்லாம் சேர்ந்த தொகைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று கூட்டி, அந்த மொத்தத்தை ஆயிரத்தால் வகுத்தோம். அதுதான் ஒரு மீட்டரின் விலை. "பாதைக்கு ஏதாவது கொடுங்கள்" என்றால் கைக்கு வந்ததைக் கொடுப்பார்கள். "ஒரு மீட்டருக்கு இவ்வளவு, அதில் ஒன்பது கன அடி கிராவலும் பராமரிப்பும் அடக்கம்" என்று சொன்னால் கடைக்காரர் தன் கடை முகப்பை மனதில் அளந்துபார்த்து ஐந்து மீட்டர் எழுதச் சொல்கிறார். பராமரிப்புப் பங்கை இப்போதே சேர்த்து வாங்கிவிட வேண்டும். புதுப் பாதைக்குக் கொடுக்கும் கை, அடுத்த வருஷம் முள் வெட்டக் கேட்டால் நீளாது. இதை எல்லாக் குழுக்களுக்கும் அடித்துச் சொல்வோம்.

வாங்கும் பணம் தனி ஆள் கணக்கில் விழவே கூடாது. ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பிறகு பான் எண், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கின் பெயரிலேயே யுபிஐ அட்டை, எண் போட்ட ரசீதுப் புத்தகம். வருமான வரிச் சலுகை கேட்பவர்களிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள்: நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் 80ஜி சான்று உங்கள் சங்கத்துக்கு இருந்தால்தான் சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் வங்கி வழியாக அனுப்பலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவரின் பணத்தை, வெளிநாடு வாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத சங்கம் தொடக் கூடாது. இந்த இடத்தில் "தெரிஞ்சவங்கதானே" என்று விடுவது ஆபத்து. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணத்தை முதல் வருஷமே எதிர்பார்க்காதீர்கள். புதிதாகப் பதிந்த சங்கத்துக்கு மூன்று வருஷச் செயல்பாடு கேட்பார்கள். அங்கே வண்டியோ வேலையாளோ கேட்பது எளிது.

நமக்கு நாமே திட்டத்தையும் விசாரியுங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தருகிறது. கட்டும் வேலைக்கு அது நல்ல வழி. முள் வெட்டும் செலவுக்கு அதை நம்பாமல் பராமரிப்புப் பணத்தைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

எப்போது கேட்பது என்பதும் இருக்கிறது. ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள், அம்மனுக்குப் போகிற பணத்தோடு பாதை போட்டியிட முடியாது. குடியாத்தம் பக்கம் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடியும்வரை யாரும் வேறு பேச்சைக் கேட்க மாட்டார்கள். பொங்கல் கழிந்து மாசி மயானக் கொள்ளைக்கு முன்பு வரும் வாரங்கள்தான் சரியான காலம்: வானம் வெறித்திருக்கும், மண் கொட்டவும் தோதாக இருக்கும்.

யாரிடம் கேட்பது? காலையில் நடப்பவர்கள் கொடுப்பார்கள், அது தெரிந்ததே. பலர் மறந்துவிடுவது ராணுவ, போலீஸ் தேர்வுக்கு ஓடும் பையன்களின் குடும்பங்களை. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கிறார். விடுப்பில் வருபவர் தயங்காமல் எழுதுவார். அவர்களுக்காக 100 மீட்டருக்கு ஒரு கல் வைத்து, போகவர ஓடினால் ராணுவத் தேர்வின் 1.6 கிலோமீட்டர் முடியும் இடத்தில் தனிக் குறியும் போடுங்கள். நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் எழுதும்போது எல்லாம் ஒரே அளவு எழுத்தாக, அகர வரிசையில், கட்சி வண்ணம் எதுவும் இல்லாமல் இருக்கட்டும். பத்து மீட்டர் கொடுத்தவருக்குப் பெரிய எழுத்து போட்டால் ஒரு மீட்டர் கொடுத்த தெருவே ஒதுங்கிவிடும்.

சைக்கிள் சவாரி நடத்திப் பணம் சேர்ப்பதும் நல்ல வழிதான், கணக்குப் போட்டு நடத்தினால். பனியனை முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும் அடியுங்கள். மிஞ்சிய பனியன்தான் பல சவாரிகளின் லாபத்தைத் தின்றிருக்கிறது. வேலூர் வெயிலில் மாசியிலேயே ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், இடையில் ஒரு மோர்ப் பந்தல். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்காத, காட்பாடிப் பாலத்தில் ஏறாத வழியாகப் பாருங்கள். பாலமதி மலைப்பாதை அழகுதான், ஆனால் முதல் சவாரிக்கு ஏற்றதல்ல. கொண்டையூசி இறக்கத்தில் பழகாதவர்கள் பிரேக்கை விடாமல் பிடித்து வருவார்கள், ரிம் சூடேறிப் பிடிப்புப் போய்விடும். காவல் நிலையத்துக்கு வழித்தடப் படத்தோடு கடிதம் முன்கூட்டியே போக வேண்டும். குலுக்கல் சீட்டு மட்டும் விற்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது, நல்ல காரியத்துக்கு என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி மண் வேலை. கரையில் நிற்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கக் கூடாது. வேர் வந்த பொந்து வழியே தண்ணீர் ஊடுருவிக் கரை பலவீனப்படும். தரைமட்டத்தில் அறுத்து, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துக்கொண்டே இருங்கள். விறகு வியாபாரி "சும்மாவே வெட்டித் தரேன்" என்பார். அரசு நிலத்து மரம் துறை வழியாகத்தான் போக வேண்டும். வெட்டிய கிளையைக் கரை மேல் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உதிரும் முள் அடுத்த வருஷம்வரை டியூபைக் குத்தும்.

கிராவலைக் கொட்டும் முன் ஒரு பிடி எடுத்து நனைத்து அமுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாக நின்று, உள்ளங்கையில் பசையாக ஒட்டாமல் இருந்தால் நல்ல கலவை. உதிர்ந்தால் களி போதாது, சைக்கிள் சறுக்கும். ஒட்டினால் களி அதிகம், மழையில் செருப்பைப் பிடித்து இழுக்கும். முழுக் கனத்தையும் ஒரே மூச்சில் போடாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, நடந்தே ஓட்டும் சிறிய ரோலரால் இறுக்குங்கள். பத்து டன் ரோலர் கரைக்கு ஆகாது. பேவர் பிளாக்கும் வேண்டாம், கரை அமுங்க அமுங்கக் கல் கல்லாகத் தூக்கிக்கொள்ளும்.

மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில்தான் பாதையின் ஆயுசு இருக்கிறது. மேல்மட்டத்தை ஏரிப் பக்கம் சாய்க்க வேண்டும்: இரண்டு மீட்டர் அகலத்துக்கு நான்கு சென்டிமீட்டர். அந்தப் பக்கம் அலைக்காகக் கல் பதித்திருக்கும், தாங்கும். வயல் பக்கம் சாய்ந்தால் ஒரே மழையில் சரிவில் ஓடை விழும். கொத்தனாரின் டியூப் லெவலே போதும், பத்து மீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். பெஞ்சும் விளக்குக் கம்பமும் கரை மேல் வேண்டாம். அவற்றுக்குக் குழி தோண்டினால் நீங்கள் எழுதிக் கொடுத்த உறுதியே போயிற்று. நுழைவில் துறை வண்டிக்காகக் கழற்றக்கூடிய கம்பம் நடுவதாக இருந்தால் இடையில் 1.2 மீட்டர் விடுங்கள், சக்கர நாற்காலி நுழையும். பைக்கும் நுழையத்தான் செய்யும். பைக்கை நிறுத்துவதற்காக நாற்காலியை நிறுத்துவதை நாங்கள் ஏற்கவில்லை.

பராமரிப்புப் பணம் முதலில் போவது நெருஞ்சிக்கு. மழை விழுந்த சில வாரங்களில் தரையோடு படர்ந்து மஞ்சள் பூ விடும். காய் முற்றி ஐந்தாகப் பிளந்தால் துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். பூவிலேயே ஆணிவேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி அகற்றிவிட்டால் அந்தப் பருவம் பஞ்சர் குறையும்.

பெருமழைக்கு மறுநாள் இரண்டு பேர் கரை முழுக்க நடக்க வேண்டும். வயல் பக்கச் சரிவில் ஓடை விழுந்திருந்தால் அதில் மண்ணை அப்படியே கொட்டி மூடாதீர்கள். படிபடியாக வெட்டி, நனைத்து, பத்து சென்டிமீட்டர் அடுக்காகத் திமிசு கட்டையால் அடித்து, மேலே அருகம்புல் பதியுங்கள். எலி வளையோ நண்டு வளையோ வழியாகத் தண்ணீர் கசிந்தால் நீங்கள் கை வைக்கக் கூடாது. பாதையைக் கயிறு கட்டி மூடிவிட்டுத் துறையின் உதவிப் பொறியாளருக்கு உடனே சொல்லுங்கள். ஏரி நிரம்பிக் கோடி (உபரித் தண்ணீர் வழியும் இடம்) போகும் நாட்களில் கோடிப் பக்கத்துக்கும் அதே கயிறுதான், தண்ணீர் கணுக்கால் அளவே இருந்தாலும். கோடியிலிருந்து தள்ளிக் கரையடியில் இரண்டு யூனிட் கிராவலைத் தார்ப்பாய் போட்டு இருப்பு வைத்திருங்கள். மழைக்காலத்தில் டிப்பர் கரைக்கு வராது.