ரிச்மண்ட் டவுன் என்று தட்டினால் வர்ஜீனியாவுக்குப் போகிறது

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஹோமத்தை வீட்டோடு முடித்துக்கொண்டு, மாலை விருந்தை மட்டும் பெங்களூரு ரிச்மண்ட் டவுனில் ஒரு சிறிய ஹாலில் வைத்துக்கொள்வது என்று ஆகஸ்டு மாதத்தில் முடிவு செய்தோம். பத்திரிகை அச்சடிக்க வேண்டாம், இணையத்திலேயே அழைப்பிதழ் அனுப்பிவிடலாம் என்று சொன்னது நான்தான். ஆகவே பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். படம், வாசகம், விருந்தினர் பட்டியல் எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. ‘இடம்’ என்ற ஒரு கட்டம் மட்டும் மூன்று நாட்களைத் தின்றது.

அந்தக் கட்டத்தில் நாம் எழுதியது அப்படியே நிற்பதில்லை. ‘ரிச்மண்ட்’ என்று தட்டியதுமே கீழே ஒரு பட்டியல் விரியும். அதில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அவசரத்தில் முதல் வரியைத் தொட்டேன். அது அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்ட். அட்டையில் ஹாலின் பெயர் பெரிதாகவும் ஊரின் பெயர் அதன் அடியில் எறும்பு ஊர்வதைப் போலவும் இருந்ததால் என் கண்ணில் படவில்லை. கண்டோன்மென்ட் பகுதியில் வெள்ளைக்காரர் காலத்துப் பெயர்கள் ஏராளம் என்பதால், அந்தப் பக்கம் விசேஷம் வைப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்ப்பது நல்லது.

ஊர் மாறியதோடு நேர மண்டலமும் சத்தமில்லாமல் மாறியிருந்தது. மறுநாள் காலை கிருஷ்ணகிரியிலிருந்து அத்தை போன் செய்தார்.

“சனிக்கிழமை சாயங்காலம்னு சொன்னியேம்மா, என் போன் காலண்டர்ல ஞாயித்துக்கிழமை விடியக்காலை மூணரைன்னு காட்டுது. அந்நேரத்துக்கா முகூர்த்தம் வச்சிருக்கீங்க?”

கோடையில் அந்த ரிச்மண்டின் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே மறுநாள் அதிகாலை 3.30. காரணத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

சரியான ரிச்மண்ட் டவுனைத் தேர்ந்தெடுத்தபோது வரைபடக் குறி அந்தப் பகுதியின் நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை நகர்த்த வழியில்லை. எங்கள் ஹால் வரைபடத்தில் இல்லை, அதன் கீழ்த்தளத்தில் உள்ள பேக்கரி இருந்தது. பேக்கரியைத் தொட்டதும், நான் எழுதியிருந்த ஹாலின் பெயரையும் ‘முதல் மாடி’ என்ற குறிப்பையும் அழித்துவிட்டு, விருந்து பேக்கரியில் நடைபெறும் என்று அட்டை அறிவித்தது. கையால் முகவரி நிரப்பும் வசதியைத் தேடிப் பிடித்தால், அங்கே அமெரிக்க வழக்கப்படி அஞ்சல் குறியீட்டுக்கு ஐந்து இலக்கம்தான். 1972-லிருந்து நமக்குப் பின்கோடு ஆறு இலக்கம். 560025-இன் கடைசி எண் உள்ளே நுழையவே இல்லை. இதில் கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு திருத்தத்தையும் அந்தத் தளம் எழுபது பேருக்கும் உடனுக்குடன் தெரிவித்துக்கொண்டிருந்தது. நான்காவது அறிவிப்புக்குப் பிறகு, விசேஷம் நடக்கிறதா இல்லையா என்று சித்தப்பா விசாரித்தார்.

நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று தம்பி வாட்ஸாப்பில் குடும்பக் குழுவுக்கு இடத்தை அனுப்பினான். அனுப்பியது நிலையான இடத்தை அன்று, எட்டு மணி நேரம் ஓடும் நேரலை இடத்தை. அன்று மாலை முழுவதும் அவன் பூ வாங்க கே.ஆர். மார்க்கெட் போய்த் திரும்பியதைச் சுற்றத்தார் அனைவரும் பார்த்தார்கள்.

கடைசியில் ஹாலின் வாசலுக்கே போய் நின்று, வரைபடச் செயலியில் அந்தப் புள்ளியை அழுத்திப் பிடித்து, அட்சரேகை தீர்க்கரேகை எண்களை நகலெடுத்தேன். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை விலகி அடுத்த தெருவுக்கே போய்விடக்கூடும். ஊர்ப்பெயருக்கு முரண்டு பிடித்த அதே கட்டம் இந்த எண்களை ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டது. ஹாலின் பெயர், மாடி, பேக்கரி அடையாளம், முழுப் பின்கோடு ஆகியவற்றை வாழ்த்து வாசகத்தின் முதல் இரண்டு வரிகளிலேயே எழுதிவிட்டேன். அந்தப் பகுதியில் மட்டும்தான் யாரும் கைவைப்பதில்லை. இம்முறை முதலில் என் கணவரின் போனுக்கு மட்டும் அனுப்பி, காலண்டரில் சேர்த்து, நாளும் மணியும் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்பினேன். முதல் நாளே இதைச் செய்திருக்கலாம்.

விருந்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஆனால், முதல் அழைப்பிலிருந்து காலண்டரில் சேர்த்துக்கொண்டவர்களின் பதிவு, அழைப்பிதழைத் திருத்தினாலும் தானாக மாறாது என்பதை யாருக்கும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அன்றிரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்த அத்தையின் போன், விருந்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்று விடியற்காலை மூன்று மணிக்கு அலறி, வீட்டிலிருந்த பதினோரு பேரையும் எழுப்பிவிட்டது.