கூடம் நிஜமாகவே கோணல்தான்

புது கோல்ஃப் அயர்ன் செட் (இரும்புத் தலை கிளப்புகள், அதாவது மட்டைகள்) வந்துவிட்டது. ஆறாம் நம்பர் முதல் பிட்ச்சிங் வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கானது) வரை. ஏழாம் நம்பர் நேராகப் போகிறது. நான் பார்க்கிற திசையில் கிளம்பி அந்தத் திசையிலேயே விழுகிறது. இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்களுக்கு: நான் இடதுகைக்காரன், இத்தனை வருடமாக என் பந்து வலப்பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் வளைந்தால்கூடப் பரவாயில்லை, கிளம்பும்போதே வலப்பக்கம். சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் என் உடம்பைத்தான் குறை சொன்னார்கள். தோள் முந்துகிறது, இடுப்பு திரும்பவில்லை, மணிக்கட்டு சீக்கிரம் மடங்குகிறது. நான் கிளப்பைக் குறை சொன்னபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கோயம்புத்தூர் மச்சான் சிரித்தான். கூடம் நிஜமாகவே கோணல்தான் மச்சான். மூன்று டிகிரி.

பழைய செட் செகண்ட் ஹேண்ட். இடதுகை அயர்ன் சந்தைக்கு வருவதே அபூர்வம், வந்தால் அளவு பார்க்காமல் கும்பிட்டு வாங்கிக்கொள்வதுதான் நம் ஆட்கள் வழக்கம். அதில் இருந்தது டைனமிக் கோல்டு எஸ்300 ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு), வெட்டுவதற்கு முன் கிட்டத்தட்ட 130 கிராம். என் உயரம் 5 அடி 4 அங்குலம். என்னைவிட நல்ல உயரமான, வேகமாக வீசுகிற ஒருவருக்கான கிளப் அது.

சேலத்தில் ஃபிட்டிங் (உடம்புக்கும் வீச்சுக்கும் ஏற்பக் கிளப்பை அளந்து பொருத்துவது) செய்ய ஆள் இல்லாததால் பெங்களூரு போனேன். தொப்பூர் கணவாய் ஏற்றம், கிருஷ்ணகிரி, ஓசூர், அப்புறம் சில்க் போர்டு. சேலத்திலிருந்து ஓசூர் போகிற நேரத்தில் பாதி, சில்க் போர்டைத் தாண்டவே ஆகிவிட்டது. ஃபிட்டர் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், நல்ல தமிழ், பொறுமைசாலி. அந்த ஸ்டுடியோவைப் பற்றி ஒரே மனக்குறை: சுவர் முழுக்க வலதுகை கிளப் தலைகள் பளபளவென்று தொங்குகின்றன, இடதுகைக்கு ஒரு மூலையில் சின்னப் பெட்டி. போன் செய்து முன்பே சொல்லியிருந்தும் இதுதான் நிலைமை. அடியை அளக்கிற கருவியும் பந்துக்கு எதிரே தரையில் வைக்கிற கேமரா வகை என்பதால் எனக்காக அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தூக்கி வைத்து மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. ஷாஃப்டுக்கு இடது வலது கிடையாது என்பது ஒன்றுதான் ஆறுதல். ஷாஃப்ட் தட்டில் இருந்ததெல்லாம் எனக்கும் பொருந்தும்.

இன்னொரு விஷயம், போகிறவர்கள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. காற்று மெலிந்தால் பந்து கூடுதலாகப் பறக்கும். திரையில் வருகிற கேரி தூரம் (பந்து தரையில் விழும்வரை பறக்கிற தூரம்) கருவியில் பதிந்திருக்கிற உயரத்தைப் பொறுத்துக் கணக்கிடப்படுவது. உள்ளூர் உயரத்தில் வைத்துவிட்டு "பாருங்க சார், புது கிளப்புல எவ்வளவு கூடுது" என்று சந்தோஷப்படுத்துவது சுலபம். நான் முதலிலேயே கடல் மட்டத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். பையன் சிரித்துக்கொண்டே மாற்றினான்.

முதலில் வழக்கமான சடங்கு. உயரம், மணிக்கட்டிலிருந்து தரை வரை, கை அளவு. பிறகு என் பழைய ஏழாம் நம்பரில் அடிக்கச் சொன்னான். கிளப் வேகம் மணிக்கு 74 மைல், கேரி 125 யார்டுக்கு முன்னே பின்னே. பந்துகள் இலக்குக்கு வலப்பக்கம் ஒரு கொத்தாக விழுந்தன. கொத்தாக என்பதைக் கவனியுங்கள். சிதறவில்லை. அதைப் பார்த்ததும் அவன் சொன்னது: "சார், நீங்க ஒரே மாதிரிதான் அடிக்கிறீங்க. திசைதான் வேற." இதற்கே பெங்களூரு போனது தகும்.

இனி லை ஆங்கிள், அதாவது கிளப் தலை தரையில் உட்காரும்போது ஷாஃப்ட் தரையோடு செய்கிற கோணம். எல்லாரும் ஷாஃப்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், லையைப் பற்றி ஒரு வரியோடு தாண்டிப் போவார்கள். என்னைக் கேட்டால் தலைகீழாக இருக்க வேண்டும்.

அவன் செய்த சோதனை இதுதான். பந்தில் மார்க்கரால் ஒரு தடித்த கோடு. கோடு செங்குத்தாக நிற்கிற மாதிரி, கிளப் முகத்தைப் பார்க்கிற மாதிரி பந்தை வைத்து அடிக்க வேண்டும். கோடு முகத்தில் பதியும். முகத்தில் உள்ள வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாகப் பதிந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை டோ (தலையின் நுனி) பக்கம் சாய்ந்தால் கிளப் உங்களுக்கு அப்ரைட் (அதிகம் நிமிர்ந்தது), ஹீல் (ஷாஃப்ட் சேர்கிற முனை) பக்கம் சாய்ந்தால் ஃபிளாட் (அதிகம் படுத்தது). என் கோடு டோ பக்கம் சாய்ந்து கிடந்தது, லேசாக அல்ல. அதாவது பந்தைத் தொடும் நேரத்தில் என் கிளப்பின் டோ மேலே தூக்கி நிற்கிறது. டோ தூக்கினால் முகம் உடம்புப் பக்கமாகப் பார்க்கும். வலதுகைக்காரனுக்குப் பந்து இடப்பக்கம் போகும், எனக்கு வலப்பக்கம். என் இடுப்பு எவ்வளவு அழகாகத் திரும்பினாலும் போகும்.

இதில் இன்னொரு ரகசியமும் அவிழ்ந்தது. லாஃப்ட் (முகம் பின்னால் சாய்ந்திருக்கிற கோணம்) கூடக்கூட லை தவறின் விளைவும் கூடும். ஒன்பதாம் நம்பரும் வெட்ஜும் எனக்கு ஏன் அதிகமாக ஓடுகின்றன, ஐந்தாம் நம்பர் மட்டும் ஏன் ஓரளவு நேராகப் போகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். சின்ன கிளப்பில் அவசரப்படுகிறேன் என்று அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்திருந்தது! நீண்ட கிளப்பில் லாஃப்ட் குறைவு, அதனால் கோணல் தெரியவில்லை, அவ்வளவுதான்.

லை போர்டும் வைத்தான். கிளப்பின் அடியில் டேப் ஒட்டி, கெட்டியான பலகை மேல் நின்று அடிப்பது, எங்கே உரசுகிறது என்று பார்ப்பது. எனக்கு அது பிடிக்கவில்லை. பலகையைப் பார்த்ததுமே உடம்பு எச்சரிக்கையாகி, மேலே மேலே அடிக்கிறோம். கோட்டுச் சோதனையில் அந்தப் பயம் கிடையாது. செலவும் ஒரு மார்க்கர்தான். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் நிற்கும்போது கிளப் தரையில் எப்படி உட்காருகிறது என்று பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வீசுகிற வேகத்தில் ஷாஃப்ட் வளைந்து டோ கீழே இறங்கும். அதனால் நிற்கும்போது டோவுக்கு அடியில் ஒரு நாணயம் நுழைகிற இடைவெளி இருப்பதுதான் முறை. என் பழைய கிளப்பில் நாணயம் என்ன, சுண்டு விரலே நுழையும்.

கிளப் தயாரிக்கிற பிங் கம்பெனி 1972இல் கொண்டுவந்த, லை கோணத்தை நிறத்தால் காட்டுகிற வண்ணப் புள்ளி முறையை அந்தப் பையன் அங்கே பயன்படுத்தினான். கறுப்பு நடு. சிவப்பு, ஆரஞ்சு என்று போகப் போக ஃபிளாட். இடதுகைப் பெட்டியில் கறுப்புக்கு அடுத்துச் சில புள்ளிகளே இருந்தன. அவற்றை மாற்றி மாற்றி அடித்ததில் கோடு நிமிர்ந்துகொண்டே வந்தது. சாதாரண நீளத்தில் எனக்குத் தேவை மூன்று டிகிரி ஃபிளாட் என்று முடிவானது.

அப்போதுதான் நீளப் பிரச்சினை வந்தது. ஷாஃப்டை அரை அங்குலம் குறைத்தால் அதுவே ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபிளாட் ஆக்கிய பலன் தரும். ஆக அரை அங்குலக் குறைப்பு, தலையை வளைப்பது இரண்டு டிகிரி மட்டும். தலையை அதிகம் வளைக்க வேண்டாம் என்பது அவன் கட்சி. நீளம் குறைந்தால் தூரம் போகும் என்பது என் கட்சி. அடித்துப் பார்த்ததில் தூரம் குறையவில்லை, நடுவில் படுவது கூடியதால் ஒன்றிரண்டு யார்டு ஏறியே இருந்தது. சரி என்றேன்.

ஷாஃப்ட்: நிப்பான் 950ஜிஎச், ரெகுலர் (நடுத்தர விறைப்பு). நூறு கிராமுக்குள். பந்து உயரமாகக் கிளம்பி உயரத்திலிருந்து இறங்கியது. வேறு சொல்ல எதுவும் இல்லை.

தலை மிசுனோ, ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்து உருவாக்கியது). கார்பன் குறைந்த மென்மையான எஃகு, இரண்டு டிகிரிக்கு முரண்டு பிடிக்காது. 17-4 ஸ்டெயின்லெஸில் வார்த்த தலைகள் கெட்டி, வளைக்க ஆளும் கருவியும் சரியாக இருக்க வேண்டும். இதைச் சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பாவிடம் விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏன்டா, நாணய வில்லைக்குக்கூட ஸ்டெயின்லெஸ் அடிச்ச ஊரு இது. நீ போய் துருப்பிடிக்கிற இரும்பை வாங்கிட்டு வந்திருக்கே?" என்றார். மேலே குரோம் பூச்சு இருக்கிறது என்றேன். கீறல் விழுந்தால் என்ன செய்வாய் என்றார். பதில் இல்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொன்று பயன்பட்டது: சுலபமாக வளைகிற எஃகு தானாகவும் வளையும். ரப்பர் பாயில் அடித்துக்கொண்டே இருந்தால் ஃபோர்ஜ்டு தலையின் கோணம் மெல்ல நகரும் என்று ஃபிட்டரும் சொல்லியிருந்தான். என் பயிற்சி முழுக்க அழகாபுரம் வீட்டு மொட்டை மாடியில் வலையும் பாயும்தான். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை பெங்களூரு போய்க் கோணம் பார்த்து வர வேண்டும். மாடிக்கு மட்டும் பழைய ஏழாம் நம்பரை வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசனை இருக்கிறது, ஆனால் மறுபடி அந்தக் கோணலுக்குக் கை பழகிவிடுமே.

செட் பார்சலில் வந்ததும் கோட்டுச் சோதனை செய்தேன். ஏழாம் நம்பர் செங்குத்து. எட்டு, ஒன்பது, வெட்ஜ் செங்குத்து. ஆறாம் நம்பரில் கோடு மயிரிழை டோ பக்கம். தயாரிப்பில் ஒரு டிகிரி வரை முன்பின் இருக்கலாம் என்பார்கள், விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று எழுதுகிறேனே தவிர மனசு விடவில்லை.

அடுத்தது எடை. அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) மூன்று புள்ளி இறங்கும். டி2 இருந்த இடத்தில் சி9 (அதற்கு அடுத்த புள்ளி டி0). கையில் எடுத்தால் தலை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தலையில் இரண்டு கிராம் ஏற்றினால் ஒரு புள்ளி கூடும். எனக்கு டி1 வேண்டும், ஆகவே நான்கு கிராம் ஈய டேப். கோல்ஃப் என்று பெயர் போட்ட ஈய டேப் யானை விலை. டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஒட்டுகிற டேப்பும் அதேதான், அதை வாங்குங்கள். நான்கு கிராம் துல்லியமாக எப்படி அளப்பது? சேலத்தில் இது ஒரு கேள்வியா? செவ்வாப்பேட்டையில் தெரிந்த கொலுசுப் பட்டறைக்குப் போனேன். மில்லிகிராம் காட்டுகிற தராசு. "வெள்ளி நிறுக்கிற தட்டுல ஈயமாண்ணா?" என்று பட்டறைத் தம்பி முகம் சுளித்தான். காகிதம் விரித்து அதன் மேல்தான் வைக்க விட்டான். ஈயம் வெள்ளியோடு கலந்தால் அவன் பாடு, நியாயம்தான். துண்டு துண்டாக வெட்டி, நான்கு கிராம் சரியாக நிறுத்து, காகிதத்தில் நம்பர் எழுதி மடித்துக்கொண்டு வந்தேன். தலையின் பின்பக்கம், டோவுக்கும் ஹீலுக்கும் நடுவில் ஒட்டியாயிற்று. கையைக் கழுவுங்கள்.

புல்லில் அடித்தால்தான் உண்மை தெரியும். ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் நண்பரின் காபித் தோட்டத்தில் கொஞ்சம் புல்தரை இருக்கிறது. குப்பனூர் வழியாகப் போனேன், வழக்கமான மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசியில் கிளப் பை டிக்கியில் உருண்டுகொண்டே வரும், அது வேண்டாம். அங்கே எந்தத் தூரத்தையும் நம்பாதீர்கள், 1,500 மீட்டர் உயரம். தரையும் சரிவு. பந்து பாதத்தைவிட மேலே இருந்தால் அதுவே கிளப்பை அப்ரைட் ஆக்கிய மாதிரி. சரிவில் பந்து ஓடியதும் வயிறு கலங்கிவிட்டது, மட்டமான இடம் தேடி நின்றதும் நேராகப் போய் சில்வர் ஓக் மரத்தில் மோதியது. புல் பெயர்ந்த தடமும் இரண்டு ஓரத்திலும் ஒரே ஆழம். காபிச் செடிக்குள் போன பந்துகள் போனவைதான். "அறுவடை அப்போ கூடையில வரும் வாங்க" என்றார் நண்பர்.

ஒரு வார்த்தை வெயிலைப் பற்றி. ஏப்ரல், மே மாதம் சேலத்தில் கிளப் பையை வண்டி டிக்கியில் விடாதீர்கள். தலையையும் ஷாஃப்டையும் பிடித்திருப்பது எபாக்ஸி பசைதான். நாள் கணக்கில் அந்தச் சூட்டில் கிடந்தால் அது இளகும். கிரிப் ரப்பரும் பிசுபிசுக்கும். இந்த ஊர் வியர்வைக்கு நூல் கலந்த கார்டு கிரிப் போடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் வலது கைக்கு ஒரு கையுறை கிடைக்க வேண்டும். கடையில் கேட்டால் இடது கை உறையையே எடுத்து நீட்டுகிறார்கள்.

பாக்கி இருப்பது வெட்ஜ். இந்தக் காலத்து செட்டில் எல்லாம் லாஃப்ட் குறைத்து வைக்கிறார்கள், என் புது பிட்ச்சிங் வெட்ஜ் 44 டிகிரி. பழைய சாண்ட் வெட்ஜ் 54. நடுவில் பத்து டிகிரி பள்ளம். 49இல் ஒரு கேப் வெட்ஜ் வேண்டும், இடதுகையில், இரண்டு டிகிரி ஃபிளாட், அரை அங்குலம் குறைவு. ஆர்டர் போட்டாயிற்று, எப்போது வரும் என்று கேட்டால் "லெஃப்டியா சார்?" என்று ஒரு பெருமூச்சு வருகிறது. அது வரும்வரை சாண்ட் வெட்ஜையாவது வளைத்து வாங்க வேண்டும். கோடு போட்டுப் பார்த்தேன், பழைய செட்டைவிட மோசம். அடுத்த மாதம் மச்சானோடு கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் பதினெட்டு குழி ஆட்டம், அதற்குள் முடிந்தால் நல்லது. வெட்ஜை வளைக்கப் போகும்போது ஆறாம் நம்பரையும் கூடவே எடுத்துப் போகப் போகிறேன்.