சென்சார் வைவாவுக்குப் போகிறவர்களே, ஈரக்காற்றில் அளந்துவிட்டுப் போங்கள்

போன வியாழக்கிழமை என் பிஎச்.டி. வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. சந்தோஷம்தான், ஆனால் போன வருஷமே முடிந்திருக்க வேண்டியது. எட்டு மாதம் தள்ளிப்போனதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி.

என் வேலை காப்பர் ஆக்சைடு சேர்த்த டின் ஆக்சைடு படலம், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவைக் கண்டுபிடிக்க. முன்னுரையில் எல்லோரையும் போல நானும் பாதாளச் சாக்கடைச் சாவுகளைப் பற்றி ஒரு பத்தி போட்டிருந்தேன். 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும், அழுகிய முட்டை நாற்றம்கூடத் தெரியாது, அதனால் சென்சார் வேண்டும் என்று. சினாப்சிஸ் மீட்டிங்கில் (தீசிஸ் கொடுக்குமுன் நடக்கும் பரிசீலனை) ஒருவர் அந்தப் பத்தியை வாசித்துவிட்டு, "எந்தக் காத்துலப்பா அளந்தே?" என்றார். சிலிண்டர் காற்று சார், டிரை ஏர். "சாக்கடைக்குள்ள காத்து காய்ஞ்சா இருக்கும்?" ஆக்சிஜன் வேகன்சி (படிகத்தில் ஆக்சிஜன் இல்லாத காலியிடம்) என்று ஏதோ உளறினேன். அவ்வளவுதான், போய் அளந்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

யோசித்தால் பதில் கஷ்டமே இல்லை. டின் ஆக்சைடு என்-டைப், அதாவது மின்சாரத்தைக் கடத்துவது எலெக்ட்ரான். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேலே ஒட்டி எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மின்தடை ஏறியிருக்கும், வாயு வந்து அந்த ஆக்சிஜனைத் தின்றதும் எலெக்ட்ரான் திரும்பிவிடும், தடை இறங்கும். நீராவியும் அதே இடத்தில் ஹைட்ராக்சிலாக உட்கார்ந்துகொண்டால் வாயு வருமுன்பே தடை பாதி இறங்கி நிற்கிறது, அப்புறம் இறங்க என்ன மிச்சம்? சாக்கடையில் ஆக்சிஜனே குறைந்திருந்தால் இன்னும் வேடிக்கை, விஷவாயு இல்லாமலேயே தடை இறங்கும். பி-டைப்பான (எலெக்ட்ரான் இல்லாத 'துளை' கடத்தும்) காப்பர் ஆக்சைடு, வாயு பட்டதும் சல்ஃபைடாக மாறி, டின் ஆக்சைடோடு அது சேரும் பி-என் சந்தி உடைந்து தடை சரிவதுதான் எனக்குக் கைகொடுத்தது என்றாலும், ஈரம் அதையும் சும்மா விடவில்லை.

ஈரக்காற்றுக்கு நான் செய்தது: கண்ணாடி பாட்டிலில் பாதி தண்ணீர், உள்ளே மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக்கல். உலர்காற்றில் ஒரு பங்கை அதன் வழியே விட்டு மிச்சத்தோடு கலந்தேன். உலர்காற்றில் 5 பிபிஎம் வாயுவுக்கு 22 காட்டிய ரெஸ்பான்ஸ் (காற்றில் உள்ள தடை, வாயுவில் உள்ளதைப் போல் எத்தனை மடங்கு) 60 சதவீத ஈரப்பதத்தில் 8. அந்த வரைபடத்தை ஒளிக்காமல் வைவாவில் மூன்றாவது ஸ்லைடிலேயே போட்டேன். எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) பாதி நேரம் அதையேதான் பேசினார்.

மற்றவை சுருக்கமாக:

- பேண்ட் வளைவை (மேற்பரப்பில் எலெக்ட்ரானின் ஆற்றல் மட்டம் வளையும் படம்) பலகையில் வரைந்து பழகுங்கள், என்-டைப், பி-டைப் இரண்டுக்கும். எனக்கு மனப்பாடம் வராது, சாக்பீஸ் பிடித்தால்தான் வாய் திறக்கும்.
- ரெஸ்பான்ஸுக்குக் காற்றுத் தடையை வாயுத் தடையால் வகுப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு. நைட்ரஜன் டை ஆக்சைடு என்றால் தலைகீழ்.
- எக்ஸ்-ரே உச்சியின் அகலத்திலிருந்து ஷெரர் சூத்திரம் தருவது படிகத்துகள் அளவு, செம் (எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் தெரியும் உருண்டை அல்ல. கருவியே அதில் கூட்டும் அகலத்தைக் கழித்தீர்களா?
- யமசோயே குழு 1991-இல் காட்டிய 6 நானோமீட்டர் எல்லை (படிகத்துகள் அதற்குக் கீழே போனால்தான் உணர்திறன் சட்டென ஏறும்) தெரியாமல் 'நானோ என்பதால் உணர்திறன் கூடியது' என்று எழுதாதீர்கள். என்னுடையது 18. அந்த வரியை நானே அடித்துவிட்டேன்.
- ஆக்சைடு வாயு சென்சாரின் தொடக்க வரலாறு (1962, செய்யாமா, டகுச்சி): ஒரு ஸ்லைடு போதும்.

அந்த பாட்டிலை இப்போது அமோனியா சென்சார் செய்யும் ஜூனியர் எடுத்துக்கொண்டான். கல்லை மட்டும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், பாசி பிடித்துவிட்டது.