மடித்த இலை மக்காது

தைப்பூசக் காவடி முடிந்து பந்தியும் முடிந்த மத்தியானத்தில், மொரீசியஸில் பல கோவில்களின் பின்புறம் ஒரே காட்சிதான். ஏழு கறி பரிமாறிய வாழையிலைகள் கறுப்பு பிளாஸ்டிக் பைகளுக்குள் வாய் கட்டி வரிசையாக நிற்கும். முன்புறத்தில் நம் பிள்ளைகள் அதே இலையைப் படம் பிடித்து, ‘பிளாஸ்டிக் இல்லாத விருந்து’ என்று போட்டிருப்பார்கள்.

இலையில் குறையில்லை, அது போய்ச் சேருகிற இடத்தில்தான் கோளாறு. 1997இல் திறந்த மார் ஷிக்கோஸ்தான் இந்தத் தீவுக்கு இருக்கிற ஒரே குப்பைப் புதைகிடங்கு. காற்றுப் புகாமல் புதைந்த இலையும் சோறும் அங்கே மீத்தேன் வாயுவாக மாறும். பிளாஸ்டிக் பைக்கு 2016இலும், ஒரு தடவை மட்டும் பயன்படுத்துகிற பிளாஸ்டிக் தட்டு, கரண்டிக்கு 2021இலும் சட்டம் தடை போட்டது. இலைக்கு எந்தச் சட்டமும் வேண்டாம். அதை மட்கு உரமாக்கும் குவியலை அடுக்க, கோவில் கொல்லையில் ஒரு மூலையும், நாலு இளவட்டங்களின் ஒரு சாயங்காலமும் போதும்.

காவடிப் பந்தி மட்குக்கு மிகத் தோதான பந்தி. விரதச் சாப்பாடு என்பதால் எலும்பும் மீன்முள்ளும் கிடையாது. கல்யாண பிரியாணி மிச்சத்தை இப்படிக் குவித்தால் ஊர் எலியெல்லாம் வந்துவிடும். சிக்கல் பருவத்தில்தான் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் வெயில் நமக்கு உதவும், புயல்மழை கெடுக்கும்.

அதனால் வேலை நவம்பரிலேயே தொடங்க வேண்டும். ஈர இலைக்கு இரண்டு மடங்கு காய்ந்த பொருள் வேண்டும், இங்கே அதற்குக் கரும்புச் சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, மிஞ்சியது கிடையாது. அறுவடை ஜூனில் தொடங்கி டிசம்பர் வாக்கில் முடிந்துவிடும். தைப்பூசத்துக்கு முதல் நாள் தேடினால் வயலில் நனைந்து கறுத்த சோகைதான் கிடைக்கும். வயல்காரரைக் கேட்டு முன்னதாகவே சாக்குகளில் திணித்து, கூரைக்கடியில் வைத்துவிடுங்கள். போதாவிட்டால் முட்டை அட்டையைக் கிழித்துச் சேர்க்கலாம். சவுக்கு மரத்தின் ஊசியிலை எளிதில் கிடைக்கும், ஆனால் மெழுகுப் பூச்சால் மக்க மாதக்கணக்காகும். கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

கூண்டுக்கு, சரக்கு அடுக்குகிற மரத்தட்டான பாலெட் நாலை நிறுத்தி மூலையில் கம்பியால் கட்டினால் போதும். பாலெட்டில் ‘எச்.டி.’ என்று முத்திரை இருந்தால் சூடு காட்டிய மரம், எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு காட்டியது, தொட வேண்டாம். உள்ளளவு நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது வேண்டும். அதற்குக் குறைந்தால் குவியலுக்குள் சூடு தங்காது. அடியில் சிமெண்டு கூடாது, மண்தரைதான் சரி.

ஒரு கன மீட்டர் என்பது 20 லிட்டர் வாளியில் 50 வாளி. ஈரச் சரக்கு ஒரு பங்கு, சோகை இரண்டு பங்கு. ஆக, ஈரம் 17 வாளி, சோகை 33. இலை மட்டும் அவ்வளவு தேறாவிட்டால் முதல் நாள் ராத்திரி சமையல்கட்டில் விழுகிற பூசணித் தோல், வாழைக்காய்த் தோல், பலா மடல் எல்லாம் சேரும். பலா மடலை விரல் நீளத்துக்கு வெட்டாமல் போடாதீர்கள், பால் காய்ந்து கட்டையாகிவிடும்.

பந்தி முடிகிற இடத்தில் மூன்று வாளி வையுங்கள். ஒன்று இலைக்கும் சோற்றுக்கும். ஒன்று ரசம், பாயசம் மாதிரித் தண்ணீர்ச் சரக்குக்கு. இதைக் குவியலில் நேரே ஊற்றாமல் ஒரு வாளி சோகையில் ஊறவிட்டுப் பிறகு நடுவில் வைக்க வேண்டும். மூன்றாவது, மக்காதவற்றுக்கு. ஊறுகாய் எஞ்சினால் அதையும் மூன்றாவதில் தள்ளுங்கள், அந்த உப்பு செடிக்கு ஆகாது. ‘மக்கும்’ என்று எழுதி விற்கிற பளபளப்பான கோப்பைகளும் மூன்றாவது வாளிக்குத்தான். அவற்றில் பல, ஆலைச் சூட்டில் மட்டுமே மக்குகிற சோளப் பிளாஸ்டிக். கொல்லைக் குவியலில் மாதங்கள் கழித்தும் அப்படியே கிடக்கும். கரும்புச் சக்கைத் தட்டு மட்டும் கிழித்துப் போட்டால் கரைந்துவிடும்.

அடுத்தது பலரும் கோட்டை விடுகிற இடம். சாப்பிட்டதும் இலையை மடிப்பது மரியாதை, பெரியவர்களிடம் போய் மடிக்காதீர்கள் என்று சொல்லாதீர்கள். ஆனால் மடித்த இலையை மடித்தபடியே குவியலில் போட்டால் அது காற்றுப் போகாத பொட்டலம். மூன்று வாரம் கழித்து ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். வெளிப்புறம் பழுப்பேறியிருக்கும், உள்ளே இலை மக்காமல், சோறு புளித்த வாடையோடு அப்படியே இருக்கும். ஊறுகாய் போட்ட மாதிரி! ஆகவே, ஒவ்வொரு இலையையும் பிரித்து, நடுத்தண்டை நீளவாட்டில் கீறி, உள்ளங்கை அளவுக்கு நறுக்குங்கள். இரண்டு பேர் அரிவாள்மணையோடு உட்கார்ந்தால் பேச்சுவாக்கில் முடிந்துவிடும்.

பூமாலைகளும் சேரலாம், நூலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தி நூல், வாழைநார் பரவாயில்லை. நைலான் நூல் மக்காது, மண்வெட்டியில் சுற்றிக்கொண்டு உயிரை வாங்கும். காவடியில் குத்திய எலுமிச்சம்பழங்களை இரண்டாக நறுக்கிப் பரவலாகப் போடுங்கள்.

அடுக்குவது எளிது. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு முரட்டுச் சோகை. மேலே நாலு விரல் ஈரம், எட்டு விரல் சோகை என்று மாற்றி மாற்றி, இரண்டடுக்குக்கு ஒரு கை பழைய மண். கடைசி அடுக்கு சோகையாகவே இருக்கட்டும், சோறு வெளியே தெரிந்தால் ஈ மொய்க்கும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

இரண்டு மூன்று நாளில் நடுவே சூடு ஏறும். ஓர் இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவினால், கையில் பிடிக்க முடியாமல் சுட வேண்டும். 55 டிகிரி தாண்டினால் களைவிதையும் சாகும். ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி கிளறுங்கள். மூக்கே நல்ல கருவி. அமோனியா நெடி என்றால் சோகை போதவில்லை. அழுகிய முட்டை வாடை என்றால் காற்று இல்லை. எறும்பு குடியேறினால் காய்ந்துவிட்டது என்று பொருள். தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிந்தால் பதற வேண்டாம், ஈர அடுக்கின் மேல் சோகையைக் கூட்டினால் போதும். நத்தை வந்தால் கையால் பொறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மழை அதிகமான க்யூர்ப்பிப் மேட்டுப் பக்கம் தார்ப்பாய் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். போர்ட் லூயிஸ் பக்கம் பிரச்சினை தலைகீழ், வாரம் ஒரு வாளித் தண்ணீர் தெளிக்க வேண்டிவரும். இரண்டாம் எண் புயல் எச்சரிக்கை வந்ததுமே தார்ப்பாயைக் கயிற்றால் பாலெட்டோடு சேர்த்துக் கட்டி, மேலே கல்லேற்றுங்கள். மூன்று வரும்வரை காத்திருந்தால் காற்றில் கை நிற்காது. அப்படியும் ஊறிப்போனால், புயல் ஓய்ந்ததும் முழுவதையும் பிரித்துப் போட்டு, காய்ந்த சோகை கலந்து மறுபடி அடுக்குங்கள். அதற்கென்று ஐந்தாறு சாக்குச் சோகை கையிருப்பு இருக்கட்டும்.

மூன்று நாலு மாதத்தில் குவியல் பாதிக்கும் கீழே இறங்கி, கறுத்து, மழை நனைத்த மண் வாசனை வரும். ஒரு சென்டிமீட்டர் கண் உள்ள வலையில் சலித்து, கப்பியை அடுத்த குவியலுக்கு விதையாக வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு ஒரு பங்கு மட்கு, மூன்று பங்கு மண். அவசரப்பட்டு முருங்கைக்கன்றுக்குப் போட்டால் வேர் வெந்துவிடும். முதலில் ஒரு தகர டப்பாவில் மட்கை மட்டும் நிரப்பிப் பத்துக் கடுகு தூவுங்கள். ஐந்தாம் நாள் குறைந்தது எட்டு முளைத்து இலை விரித்திருந்தால் எடுக்கலாம். இரண்டு மூன்றுதான் என்றால் மூடிவைத்து, மூன்று வாரம் கழித்து மறுபடி தூவிப் பாருங்கள்.